பாஸ் ஆனவங்க எல்லாம் எங்கே போனாங்க?

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு நர்சிங் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இப்போ ஒரு மருந்துக்கடையில பில் போட்டுக்கிட்டிருக்கா. அவ சேரும்போது கல்லூரி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள், '100 சதவீதத் தேர்ச்சி' என்று. பொய் இல்லை, அந்த வருஷம் எல்லாரும் பாஸ்தான். (கல்லூரி பேரு வேணாம், விடுங்க.)

"ஏம்மா, படிச்சு முடிச்சப்புறம் காலேஜ்ல இருந்து யாராவது கூப்பிட்டு, என்ன பண்றேன்னு கேட்டாங்களா?"

"நீங்க வேற மாமா! டி.சி. வாங்கினதோட சரி."

ரெண்டு நாளா இது மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. மருத்துவம் படித்து வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கல்லூரிவாரியாக யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா? தேடப் போனால், கதை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கதை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நாலு டாக்டர்கள் சேர்ந்து ஒரு கட்டடத்தைப் பிடித்தால் மருத்துவக் கல்லூரி ரெடி. மாணவர் கட்டும் ஃபீஸ்தான் வாத்தியார்களுக்கு வருமானம். அப்புறம் யாரை ஃபெயில் ஆக்குவது? :-)

1904-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் மருத்துவக் கல்விக்கென்று ஒரு குழு அமைத்தது. கல்லூரிகளைத் தரம் பிரிக்க அந்தக் குழு முதலில் கையில் எடுத்தது என்ன தெரியுமா? கட்டடமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. படித்து முடித்தவர் தொழில் செய்ய மாநில உரிமத் தேர்வு எழுத வேண்டும் அல்லவா, அதில் எந்தக் கல்லூரி ஆட்கள் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்தார்கள். கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, அங்கே படித்தவர்கள் வெளியே என்ன ஆனார்கள் என்று பார்த்தது பெரிய விஷயம்.

1906-ல் நேரிலும் போய்ப் பார்த்தார்கள். மொத்தம் 160 கல்லூரி. 82 தேறியது, 46 சுமார், 32 தேறவே தேறாது. ஆனால் பட்டியலை வெளியிடவில்லை. டாக்டரே டாக்டரை ஊரறியக் குறை சொல்வது தொழில் தர்மம் இல்லையாம்! அதனால் வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். கார்னகி அறக்கட்டளை அனுப்பிய அந்த ஆள்தான் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். டாக்டர் இல்லை, பள்ளிக்கூடம் நடத்தியவர்.

மனுஷன் கில்லாடி. டெமாயின் நகரத்து ஆஸ்டியோபதி கல்லூரி ஒன்றில் கதவுக்குக் கதவு 'உடற்கூறு', 'நோயியல்' என்று போர்டு. எல்லாம் பூட்டு. சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். இவர் கிளம்புவது போலக் கிளம்பி, திரும்பி வந்து, காவலாளி கையில் ஐந்து டாலர் வைத்துத் திறக்கச் சொன்னாராம். உள்ளே மேஜை, நாற்காலி, சின்னக் கரும்பலகை. அவ்வளவுதான். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

1910-ல் 155 கல்லூரிகளைப் பற்றி அவருடைய அறிக்கை வந்தது. ஏற்கெனவே மூடத் தொடங்கியிருந்த கல்லூரிகள் இன்னும் வேகமாக மூடின. 1906-ல் 160 இருந்தது 1922-ல் 81. போலிகள் ஒழிந்தன, நல்லதுதான்.

ஆனா ஒரு கணக்கை யாரும் போடலை. மூடினவற்றில் கறுப்பின மக்களின் கல்லூரிகளும் இருந்தன. ஏழில் ஐந்து 1923-க்குள் போய்விட்டன. மிஞ்சியது ஹோவர்டும் மெஹாரியும் மட்டும். ஆய்வகம் இருக்கிறதா, நூலகம் இருக்கிறதா என்று கேட்டவர்கள், 'இங்கே படித்தவர்கள் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், இதை மூடினால் அந்த நோயாளிகள் எங்கே போவார்கள்' என்று கேட்கவில்லை. அந்த ஐந்தும் மூடாமல் இருந்திருந்தால் 2019-க்குள் சுமார் 35 ஆயிரம் பேர் கூடுதலாகப் பட்டம் பெற்றிருக்கலாம் என்று 2020-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே வருஷம் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தன் விருது ஒன்றிலிருந்து ஃபிளெக்ஸ்னர் பெயரை எடுத்துவிட்டது.

அப்போ எண்ணுவதே தப்பா? இல்லைங்க. எதை எண்ணுகிறோம் என்பதுதான் விஷயம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி (2014 முதல் வேறு பெயர்). 1964-ல் சேர்ந்த மாணவர்களில் தொடங்கி ஒவ்வொருவரையும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். உள்ளே வரும்போது என்ன மதிப்பெண், படிக்கும்போது எப்படி, அப்புறம் எந்தத் துறை, எந்த ஊரில் தொழில், எல்லாம் ஒரே ஏட்டில். ஜோசப் கொனெல்லா என்ற பேராசிரியர் இதற்காகவே வாழ்க்கையைச் செலவழித்தார்.

அந்த ஊர்க் கிராமங்களிலும் நம்மூர்ப் பிரச்சினைதான், டாக்டர் வர மாட்டார். 1974-ல் அதே கல்லூரி ஒரு திட்டம் தொடங்கியது. கிராமத்தில் வளர்ந்த, கிராமத்துக்கே குடும்ப மருத்துவராகத் திரும்ப விரும்பும் பிள்ளைகளுக்குச் சில இடங்கள். 22 வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பென்சில்வேனியாவின் ஏழு மருத்துவக் கல்லூரிகளில் படித்து வந்தவர்களில் இந்தத் திட்டத்துப் பிள்ளைகள் வெறும் 1 சதவீதம். ஆனால் அந்தக் கல்லூரிகளில் படித்து அந்த மாநிலத்துக் கிராமங்களில் குடும்ப மருத்துவராக இருந்தவர்களில் இவர்கள் 21 சதவீதம்! 11 முதல் 16 வருஷம் கழித்தும் அதே கிராமப் பகுதியில் இருந்தவர்கள் 68 சதவீதம், திட்டத்தில் வராதவர்களில் 46 சதவீதம்.

பாடம் சொல்லிக் கொடுத்த விதமா, ஏற்கெனவே அந்த ஆசையோடு வந்த பிள்ளைகளா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பங்கு தேர்ந்தெடுத்ததில்தான் என்று தோன்றுகிறது. ஆனால் பெயர் எழுதி, முகவரி குறித்து, இருபது வருஷம் காத்திருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது. '100 சதவீதத் தேர்ச்சி' என்ற ஃபிளெக்ஸிடம் போய் என்னத்தைக் கேட்பது?

தேர்வு முடிவோடு ஏட்டை மூடினால் கல்லூரிக்கு நல்ல பெயர். அதற்கப்புறமும் திறந்து வைத்திருந்தால்தான் நோயாளிக்கும், படித்த பிள்ளைக்கும் ஏதாவது பிரயோஜனம்.

கிளம்பும்போது அக்கா பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க செட்ல 40 பேரு மாமா. இப்ப ஆஸ்பத்திரியில வேலை பாக்குறது எத்தனை பேருன்னு நானே ஃபோன் போட்டுக் கேக்கறேன்" என்றாள். அன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து வரிசையாகப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டாளாம், அக்கா சொன்னாள்.

உங்க வீட்டுப் பிள்ளைகளை நர்சிங்கோ, பார்மசியோ, மருத்துவமோ சேர்க்கப் போறீங்கன்னா, ஃபிளெக்ஸைப் பாத்துட்டு உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அஞ்சு வருஷம் முன்னாடி இங்க முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?" பதில் சொல்ல ஒரு ஏடாவது அவங்ககிட்ட இருக்கான்னு பாருங்க.