எண்பது மில்லிகிராம்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை பிரிட்டன் 1872-லேயே குற்றமாக்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் குதிரை, மாடு, நீராவி எந்திரம் எல்லாம் இருந்தன. மோட்டார் வண்டி 1925-ல்தான் சேர்ந்தது. ஆனால் சட்டம் இருந்தும் தண்டனை அரிதாகவே கிடைத்தது. போதையா இல்லையா என்பதைக் கோட்டின்மேல் நடக்கவைத்தும், நாக்குக் குழறுகிறதா என்று கேட்டும் போலீஸ் மருத்துவர் சொல்ல வேண்டும். ஜூரியில் இருந்தவர்களோ தாங்களும் இரண்டு கோப்பை போட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்குக் கைதானவர்மேல் இரக்கம் வந்ததில் வியப்பில்லை.

1967 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த மூச்சுச் சோதனை இந்த இரக்கத்துக்கு இடமில்லாமல் செய்தது. நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தள்ளாடினாரா என்ற கேள்வியே இல்லை. தனிமனித உரிமை பறிபோகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். அமைச்சருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்றும் ஏளனம் செய்தார்கள். (தெரியாதுதான். அதனால் என்ன?) சாலை மரணங்கள் 1967-ல் 7,319, மறுவருடம் 6,810. பிடிபடும் வாய்ப்பு குறைவு என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டதும் சோதனைமேல் இருந்த பயம் தேய்ந்தது உண்மையே. அது சோதனையின் எண்ணிக்கையில் இருந்த குறை, அளவுகோலின் குறையல்ல. பிடிபட்டவர் அபராதத்தைக் கட்டிவிடலாம், ஆனால் குறைந்தது ஓராண்டு உரிமம் பறிபோனால், லாரி ஓட்டுகிறவருக்கும் ஊர் ஊராகச் சரக்கு விற்கிறவருக்கும் வேலையே போய்விடும்.