அன்றாடத்தைப் பதிவு செய்தல்: உளவியல் ஆய்வுமுறை ஒன்றின் வரலாறு

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ரோஜர் பார்க்கர், தமரா டெம்போ, கர்ட் லெவின் ஆகிய மூவரும் நடத்தி 1941இல் வெளியிட்ட சோதனை ஒன்று உளவியல் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. பள்ளி வயதை எட்டாத 30 குழந்தைகளை அருமையான பொம்மைகளோடு சிறிது நேரம் விளையாட விட்டார்கள். பிறகு நடுவே கம்பிவலைத் தடுப்பை இறக்கினார்கள். பொம்மைகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டா. அதன்பின் அந்தக் குழந்தைகளின் விளையாட்டு, ஓராண்டுக்கும் மேல் இளைய பிள்ளைகளின் விளையாட்டைப் போலத் தரம் இறங்கியது. ஏமாற்றம் நடத்தையைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

பின்னாளில், கிளிஃபர்ட் ஃபால் என்ற ஆய்வாளர் அதே ஏமாற்றத்தைக் குழந்தைகளின் அன்றாட வாழ்வில் தேடினார். அது அரிதாகவே கிடைத்தது. கிடைத்த இடங்களிலும் சோதனைக்கூடத்தில் கண்ட விளைவு தென்படவில்லை. இந்த முடிவு வெளியானது பார்க்கரே தொகுத்த 1963ஆம் ஆண்டு நூலில். தம் பெயர் தாங்கிய புகழ்பெற்ற சோதனைக்கு எதிரான சான்றைத் தாமே அச்சில் ஏற்றியவர் அவர். அன்றாட நடத்தையை ஆராயும் முறைகளின் வரலாற்றை அவரிடமிருந்து தொடங்குவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அவருக்கு முன்னும் முயற்சிகள் உண்டு. இங்கிலாந்தில் ஜே. சி. ஃப்ளூகல், ஒரு சிறு குழுவினரைத் தங்கள் உணர்ச்சிகளை நாள்தோறும் குறித்துவரச் செய்து 1925இல் முடிவுகளை வெளியிட்டார். பெர்க்லியில் எகான் பிரன்ஸ்விக் ஒரு மாணவியை அவருடைய வழக்கமான நடமாட்டத்திலேயே பின்தொடரச் செய்து, அவ்வப்போது நிறுத்தி, அந்தக் கணத்தில் கண்ணில் பட்ட பொருளின் அளவை மதிப்பிடச் சொன்னார். அது 1944இல் வெளிவந்தது. மனிதர்களில் மாதிரி எடுப்பது போலச் சூழல்களிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்பது பிரன்ஸ்விக்கின் வாதம். அக்காலத்தில் அதைக் காதில் வாங்கியவர்கள் மிகச் சிலர்.

1947இல் பார்க்கர் கன்சாஸ் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தார். ஏறத்தாழ 700 பேர் வாழ்ந்த ஆஸ்கலூசா என்ற சிற்றூரில், ஹெர்பர்ட் ரைட்டோடு சேர்ந்து கள ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். ஆய்வு எழுத்துகளில் அந்த ஊருக்கு 'மிட்வெஸ்ட்' என்று புனைபெயர். பார்க்கர் வெளியூரிலிருந்து வந்துபோகும் பேராசிரியராக இருக்கவில்லை. குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். நிலையம் 1972 வரை, கால் நூற்றாண்டு, இயங்கியது. எந்தத் தனிமம் பூமியில் எங்கே எவ்வளவு கிடைக்கிறது என்று வேதியியலார் அறிவார்கள்; தண்டனை, பகை, ஏமாற்றம் ஆகியவை மனித வாழ்வில் எங்கே எவ்வளவு நிகழ்கின்றன என்று உளவியலார் அறியவில்லை என்பது அவரது மனக்குறை.

அன்றாட நடத்தையை நேரில் பார்த்துப் பதியும் அவரது முறையின் உச்சம் 1949 ஏப்ரல் 26. ரேமண்ட் என்று புனைபெயரிட்ட ஏழு வயதுச் சிறுவனை, காலையில் கண்விழித்தது முதல் இரவில் உறங்கும் வரை எட்டு நோக்கர்கள் முறைவைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் அரை மணி நேரம் அளவில் உடனிருந்து குறிப்பெடுப்பார். பிறகு அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். 1951இல் 'ஒன் பாய்ஸ் டே' என்ற பெயரில் நூலாக வெளியான அந்தப் பதிவு, ஒரே ஒரு நாளுக்கு நானூறு பக்கங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதில் கோட்பாடு இல்லை, விளக்கவுரை இல்லை. சிறுவன் என்ன செய்தான், யாரிடம் என்ன சொன்னான், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது மட்டுமே.

இத்தகைய பதிவுகள் சேரச் சேர, பார்க்கரே எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. ஒரு பிள்ளை அடுத்து என்ன செய்யும் என்பதை அதன் குணத்தைக் கொண்டு ஊகிப்பதைவிட, அது இருக்கும் இடத்தைக் கொண்டு ஊகிப்பது எளிதாக இருந்தது. வெவ்வேறு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒத்து நடந்தார்கள். ஒரே பிள்ளை மருந்துக்கடையில் ஒருவிதமாகவும் தேவாலயத்தில் வேறுவிதமாகவும் நடந்தது. இவ்வாறு ஆட்கள் மாறினாலும் தன் ஒழுங்கு மாறாத இடத்தை அவர் 'நடத்தைக் களம்' என்றார். பால் கம்ப்போடு இணைந்து 1964இல் எழுதிய 'பிக் ஸ்கூல், ஸ்மால் ஸ்கூல்' இதன் நடைமுறைப் பயனைக் காட்டியது. பெரிய பள்ளியில் செயற்பாடுகள் அதிகம். ஆனால் பொறுப்பேற்கும் வாய்ப்பு சிறிய பள்ளியின் மாணவருக்கே கூடுதலாகக் கிடைத்தது. நாடகம் போட ஆள் போதாத இடத்தில் கூச்சப்படும் பிள்ளையும் மேடையேறியாக வேண்டும்.

இவ்வளவு விளைச்சல் தந்த முறையைப் பிறர் பெரிதாகத் தொடரவில்லை. காரணம் வெளிப்படை: செலவு, காலம், பொறுமை. சில ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டாக வேண்டிய ஆய்வாளரால் ஒரு சிற்றூரில் கால் நூற்றாண்டு குடியிருக்க இயலாது. மற்றொன்றும் உண்டு. வெளியே நின்று பார்ப்பவருக்கு உள்ளே ஓடும் எண்ணம் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது பேஜர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் ரீட் லார்சனும் 1970களின் நடுவில் பதின்வயதினரிடம் பேஜர்களைக் கொடுத்தார்கள். முன்னறிவிப்பின்றி அது ஒலிக்கும். ஒலித்த கணத்தில் எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், என்ன நினைக்கிறாய், மனநிலை எப்படி என்று சிறு ஏட்டில் குறிக்க வேண்டும். இதற்கு 'அனுபவ மாதிரி முறை' என்று பெயர் வந்தது. அதே பத்தாண்டில் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட், தம் பொறியியல் பயிற்சியைக் கொண்டு ஒலிக்கருவி அமைத்துத் தனிவழியில் இத்தகைய முறையை உருவாக்கினார்.

1989இல் வெளியான ஓர் ஆய்வு இம்முறையின் வலிமைக்குச் சான்று. 78 தொழிலாளர்களையும் ஊழியர்களையும் இவ்வாறு தொடர்ந்தபோது, ஆழ்ந்து ஒன்றிப்போன கணங்களில் மிகப் பெரும்பான்மை வேலை நேரத்தில் வந்தன, ஓய்வு நேரத்தில் அல்ல. ஆனால் வேலை நேரத்தில்தான் அவர்கள் வேறு எதையாவது செய்ய விரும்பினார்கள். வார இறுதியில் ஒருமுறை உட்கார வைத்துக் கேட்கும் வினாத்தாளில் இந்த முரண் அகப்பட்டிருக்காது.

காகித ஏட்டை எவ்வளவு நம்பலாம்? ஆர்தர் ஸ்டோனும் சால் ஷிஃப்மனும் 1994இல் 'சூழல்சார் கணநேர மதிப்பீடு' என்ற கருத்தை முன்வைத்தவர்கள். அவர்கள் குழு 2002இல் வெளியிட்ட சோதனை, ஆய்வுமுறை வரலாற்றின் மிக நேர்மையான பக்கங்களில் ஒன்று. நாட்பட்ட வலியுள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்குக் காகித ஏடும் மற்றவர்களுக்கு மின்னணு ஏடும் தந்தார்கள். காகித ஏட்டின் உறையில், அது திறக்கப்படும் நேரத்தைப் பதியும் ஒளியுணரி ஒளிந்திருந்தது. உரிய நேரத்தில் எழுதியதாக ஏடு காட்டியது 90 விழுக்காடு; ஒளியுணரி காட்டியது 11. ஏட்டைத் திறக்கவே திறக்காத நாள்கள் 32 விழுக்காடு. அந்நாள்களுக்கும் பிறகு உட்கார்ந்து நிரப்பியிருந்தார்கள். மின்னணு ஏட்டில் உரிய நேரத்தில் பதிந்தது 94 விழுக்காடாக இருந்தது. நோயாளிகளைப் பொய்யர் என்பது அநியாயம். வலியோடு வாழ்பவர், கேட்டவர் மனம் கோணாதிருக்க விட்டதை நிரப்பித் தந்தார். பிழை, அதைக் கணநேரப் பதிவு என்று நம்பிய முறையுடையது.

டேனியல் கானமன் குழு 2004இல் வேலைக்குப் போகும் 909 டெக்சாஸ் பெண்களிடம் முந்தைய நாளைப் பகுதி பகுதியாக நினைவுகூரச் செய்தது. கணநேரப் பதிவுக்கும் வினாத்தாளுக்கும் நடுவே இது செலவு குறைந்த இடைவழி. இன்னொரு பக்கம், மத்தியாஸ் மெல்லும் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் பழைய நோக்கரின் இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். ஏறத்தாழ 12.5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி ஒலியை அது பதியும். எப்போது பதிகிறது என்று அணிந்தவருக்குத் தெரியாது. பெண்கள் ஆண்களைவிடப் பன்மடங்கு பேசுவார்கள் என்ற பரவலான நம்பிக்கையை 396 மாணவர்களின் பதிவு 2007இல் உடைத்தது. இரு பாலாரும் நாளுக்குச் சுமார் 16,000 சொற்கள் பேசினார்கள். 2025இல், 2,197 பேரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கதை சற்று மாறியது. 25 முதல் 64 வயது வரையிலான பெண்கள் அதே வயது ஆண்களைவிடச் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசினார்கள். கல்லூரி மாணவரை மட்டும் அளந்தால் மனித வாழ்வின் ஒரு பருவமே கிடைக்கும் என்பதற்கு இது நேரடிச் சான்று.

இப்போது கைப்பேசி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. டார்ட்மவுத் கல்லூரியில் 2013இல் 48 மாணவர்களின் உறக்கம், உரையாடல், நடமாட்டம் ஆகியவற்றை அவர்கள் கைப்பேசிகளே பத்து வாரம் அளந்தன. நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையிலான நேரம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் சுருங்கச் சுருங்க, செயலும் அது நிகழ்ந்த களமும் பதிவிலிருந்து கழன்றுபோயின என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் காண்பது. ஒரு மாணவர் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கைப்பேசி சொல்லும். அங்கே யார் அவரை வரவேற்றார், யார் முகம் திருப்பினார் என்று சொல்லாது. உண்மையான நடத்தை எங்கே போயிற்று என்று ராய் பாமைஸ்டரும் உடன் எழுதிய இருவரும் 2007இல் எழுப்பிய கேள்வி இன்னும் தன் கூர்மையை இழக்கவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுக்குத் தொடக்கம் இருக்கிறது. சண்டிகரில் சுமன் வர்மா, ரீட் லார்சனோடு சேர்ந்து நடுத்தரக் குடும்பங்களில் தாய், தந்தை, எட்டாம் வகுப்புப் பிள்ளை மூவரிடமும் அனுபவ மாதிரி முறையைப் பயன்படுத்தினார். 1998–99இல் இந்திய அரசு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2019இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. எத்தனை மணி நேரம் எந்த வேலைக்குப் போயிற்று என்பதை அக்கணக்கெடுப்புகள் சொல்லும். அந்த நேரத்தின் உள்ளே நடந்ததை அருகிருந்து பார்த்து எழுத ஆள் வேண்டும். உளவியல் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் அடுத்த வினாத்தாளை அச்சிடும் முன், உரியவர்களின் ஒப்புதலோடு ஒரு ரேஷன் கடை வரிசையையோ சத்துணவுக் கூடத்தையோ தேர்ந்துகொண்டு, ஒரு பருவம் முழுதும் அங்கே போய் அமர்ந்து குறிப்பெடுக்க வேண்டும்; வழிகாட்டும் பேராசிரியர்கள் அதற்கு அனுமதியும் அவகாசமும் தர வேண்டும்.