ஆறு எல்லையான ஏழாண்டுகள்: பவானியின் நினைவுச் சின்னங்களை முன்வைத்து

பவானி கூடுதுறையில் முழுகி எழுந்து சங்கமேசுவரர் கோயிலுக்குள் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கதை ஒன்று உண்டு. மழை இரவில் கலெக்டர் வில்லியம் காரோவைச் சிறுமியொருத்தி எழுப்பி வெளியே அழைத்துப் போகிறாள். அவர் வெளியேறியதும் பங்களா இடிந்து விழுகிறது. வந்தவள் வேதநாயகி என்றுணர்ந்த கலெக்டர் அம்மனுக்குத் தந்தக் கட்டில் செய்து தருகிறார். வேற்று மதத்தவர் என்பதால் உள்ளே வராமல், மதிலில் இட்ட மூன்று துளைகளின் வழியே தரிசிக்கிறார். கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது. அதில் காரோவின் கையொப்பமும் 11.1.1804 என்ற தேதியும் உண்டு.

கதை ஊரறிந்தது, தேதியைப் பொருட்படுத்தியவர் குறைவு. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த கோவைப் பகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடகோட்டத்துக்குப் பவானியும் தென்கோட்டத்துக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள். 24.11.1804 அன்று இரண்டும் இணைந்து கோயம்புத்தூர் தலைநகரானது. அந்த நாளைத்தான் இன்று கோவை தினமாகக் கொண்டாடுகிறோம். கட்டிலில் உள்ள தேதியோ அதற்குப் பத்து மாதம் முந்தியது. ஆகவே இந்தக் கட்டில் பவானி தலைமையூராக இருந்த குறுகிய காலத்தின் சான்றும் ஆகும். கலெக்டர் ஏன் பவானியில் குடியிருந்தார் என்று பக்திக் கதை கேட்பதில்லை; ஆய்வாளர் கேட்டாக வேண்டும்.

அதைக் கேட்டால் இன்னும் பழைய எல்லை ஒன்று புலப்படும். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம், சங்ககிரிப் பகுதிகளும் கம்பெனிக்குப் போயின. கோவைப் பகுதி திப்புவிடமே நின்றது. அதாவது 1799 வரை ஏழாண்டுகள், பவானித் துறையில் நின்று கிழக்கே பார்த்தால் காவிரியின் எதிர்க்கரை வேற்று அரசு. அக்கரையில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களும் நிலம் அளந்து, பின்னாளில் ரயத்வாரி எனப்பட்ட வரிமுறைக்கு அடித்தளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்க்கரையின் கம்பெனிக் காகிதங்கள் 1792இலேயே தொடங்குகின்றன. மேல்கரைக்கு அவை 1799க்குப் பிறகே. ஒரே ஆற்றின் இரு கரைகளை ஆய்வோர் வெவ்வேறு ஆவணக் கட்டுகளைப் புரட்ட நேர்வதற்கு இதுவே காரணம்.

கொங்கின் பழைய கணக்கில் இப்படி ஒரு பிளவு இல்லை. மேல்கரைப் பூந்துறை நாடு, கீழ்க்கரைப் பூந்துறை நாடு என்ற பெயர்களைக் கவனியுங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் கீழ்க்கரை, ஈரோட்டுப் பக்கம் மேல்கரை. காவிரி நடுவே ஓடினாலும் இரண்டும் கொங்கின் இருபத்துநான்கு நாடுகளுக்குள்தான். ஆறு கரைகளைப் பிரித்ததே தவிர நாட்டைப் பிரிக்கவில்லை. அதை அரசியல் எல்லையாக்கியது 1792 என்பதே என் வாதம். திப்புவுக்குப் பின்னும் கோடு அழியவில்லை. ஒரு கரை கோயம்புத்தூர் மாவட்டம், மறுகரை சேலம் மாவட்டம். 1979இல் ஈரோடும் 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களானபோதும் கோடு அதே ஆற்றில்தான். காவிரிப் பாலத்தின் இந்த முனையில் பவானி, அந்த முனையில் குமாரபாளையம். இரண்டும் தறிச்சத்தம் கேட்கும் ஊர்கள், ஆனால் கலெக்டர் அலுவலகம் வேறு வேறு.

ஒரு மறுப்பு எழலாம்: கதைதானே கட்டிலைக் காத்தது? உண்மை. வெறும் அரசாங்கப் பொருளாக இருந்திருந்தால் இருநூறு ஆண்டு தங்கியிருக்குமா என்பது ஐயமே. எனவே கதையை விலக்கச் சொல்லவில்லை. தேதி சொல்வது வேறு, மரபு சொல்வது வேறு என்று கோயிலில் ஒரு தகவல் பலகை பிரித்துக் காட்டினால் போதும். மதில் துளைகளுக்கு இந்தக் கவனம் இன்னும் தேவை. கட்டிலில் தேதி உண்டு, துளைகளில் இல்லை. அவற்றை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. ஓர் அதிகாரி எங்கே நிறுத்தப்பட்டார் என்று ஊர் நினைவில் வைத்திருப்பதை மட்டும் சொல்ல முடியும். அதுவும் ஓர் எல்லைதான்.

1792 எல்லைக்கும் ஒரு பலகை வேண்டும்; ஆனால் அதைக் கோயில் வாசலில் நடக்கூடாது. பாலத்தின் இரு முனைகளிலும், இரு மாவட்டங்களும் ஒரே வாசகத்தோடு நட வேண்டும். "இங்கிருந்து எதிர்க்கரை 1792 முதல் 1799 வரை வேற்று அரசு" என்ற வரி இரண்டு பக்கமும் மாறாமல் பொருந்தும்.