ஊழியம்

வீரசோழன், திருச்சுழிப் பக்கத்து வறண்ட கிராமங்களில் ஊழியக்காரர் என்றால், வேதப் புத்தகத்துடன் வீடு தேடி வரும் கிறிஸ்தவப் பிரசாரகர் என்பதே இன்று வழக்கு. சொல்லின் பூர்வ சரித்திரமோ அத்தனை புனிதமானதன்று. ஊழ் என்பதற்கு முறைமை என்னும் பழம்பொருள் உண்டாகையால், முறைவைத்துச் செய்யும் பணி ஊழியமாயிற்று எனக் கொள்வது பொருந்தும். பிற்காலத்தில் அது, அரசுக்கும் கோயிலுக்கும் குடிகள் கூலியின்றிச் செய்து தீர்க்கவேண்டிய நிர்ப்பந்த உழைப்பைக் குறித்தது. ஒல்லாந்தர் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் பழைய திருவிதாங்கூரிலும் அதன் பாரத்தால் நைந்தவர் அநேகர். அந்தக் கசந்த சொல்லே தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் தேவசேவைக்குப் பெயராயிற்று.

அத்தேவசேவைக்கென 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையில் நிலையம் அமைத்தது. 1853இல் சென்னைக்கு வந்த ரிச்சர்ட் பாலன்டைனோ, மார்மன் என்னும் வேறொரு சபையின் ஊழியக்காரர். அச்சபையின் வாலிபர் இன்று, 18 வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, இணைபிரியாத ஒரு தோழருடன் 2 ஆண்டுகள் அந்நியத் தெருக்களில் அலைந்து, முகத்தெதிரே சாத்தப்படும் கதவுகளையும் வீட்டு ஏக்கத்தையும் சகித்து, சம்பளமின்றி, பெரும்பாலும் தம் குடும்பத்துப் பொருளைக்கொண்டே உழைக்கின்றனர். கூலியின்மை என்னும் பழம்பொருள் இவர்பால் பழுதின்றி நிற்கிறது; நிர்ப்பந்தம் மட்டும் சட்டத்தினின்று நீங்கி, உற்றார் எதிர்பார்ப்பில் ஒருவாறு ஒளிந்திருக்கலாம். அகராதி தொகுப்போர், நிர்ப்பந்த உழைப்பு, தேவசேவை என்னும் இவ்விரு பொருளையும் அருகருகே பதிவு செய்தல் வேண்டும்.