சிறையிருந்த தந்தையும் வளர்ந்த மகளும்

பதின்மூன்று, பதினான்கு பிராயத்துப் பிள்ளையை அடக்கியாள வேண்டும் என்பது நம் சமூகத்தின் பழந்தீர்ப்பு. பிரம்பெடுக்கவும் கையெட்டாத தூரத்திலிருந்த ஒரு தந்தை என் செய்தார் என்பதை ஈண்டு நோக்குவோம்.

1930 ஒக்டோபர் 26ஆம் நாள், நைனிச் சிறையிலிருந்து ஜவஹர்லால் நேரு மகள் இந்திராவுக்குக் கடிதம் வரைந்தார். பஞ்சாங்கப்படி அன்று அவளுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். 1931 ஜனவரி முதல் நாளில் தாய் கமலாவும் கைதானார். பெற்றோர் இருவருமற்ற வீட்டில் வளரும் பெண்ணுக்குத் தந்தை அளித்தது உபதேசமன்று, உலக வரலாறு. பிரெஞ்சுப் புரட்சியையும் ருஷ்யப் புரட்சியையும், ஏகாதிபத்தியம் பிறந்த கதையையும், சிந்திக்கவல்ல ஒருத்தியிடம் பேசுவதுபோல் எழுதினார். அனுப்ப வழியில்லாதபோதும் எழுதி அடுக்கினார். 1933 ஓகஸ்டில் முடிவுற்ற அக்கடிதங்கள் 196; மறு ஆண்டில் நூலாயின.

குறையும் உண்டு. அந்நூலில் தந்தையின் குரலே ஓயாது ஒலிக்கிறது; மகளின் மறுமொழிக்கு ஆங்கு இடமில்லை. எனினும், தன்னை நம்பி ஒருவர் இவ்வளவு பேசுகிறார் என்ற உணர்வு அப்பிராயத்தில் சிறிய பேறன்று.

இரு சிறைவாசங்களுக்கிடையே, 1931இல், மனைவி மகளுடன் நேரு இலங்கைக்கு வந்தார்; வரும் வழியிற் கப்பலிலிருந்தும் எழுதினார். நுவரெலியாவில் இரு வாரம் தங்கியபோது, தோட்டத் தொழிலாளர் பல மைல் நடந்து வந்து காட்டுப்பூவும் காய்கறியும் வீட்டில் கடைந்த வெண்ணெயும் கொடுத்தனர். பொதுமொழி இல்லை, ஒருவரையொருவர் நோக்கிப் புன்னகைத்தனர் என்று தம் சுயசரிதையில் நேரு குறிக்கிறார். கடிதங்களில் வந்த உழைக்கும் வர்க்கம் வாசலிலேயே வந்து நின்றது. அத்தொழிலாளரின் பிள்ளைகளோ, இந்திராவின் பிராயத்தில், மலைச்சரிவிற் கொழுந்துக் கூடை சுமந்தனர்.