தேய்ந்த காசின் சாட்சி

காசு சேர்ப்போர் அதன் நிலையையே முதலில் நோக்குவர். எழுத்தும் உருவமும் தெளிவாயிருப்பின் விலை மிகும், தேய்ந்திருப்பின் குறையும். வாணிகத்திற்கு இவ்வளவுகோல் பொருந்தும். வரலாற்று மாணவனுக்கோ தேய்வே ஒரு சான்றாகும்.

பாண்டிய நாட்டுக் காசுகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் அருட்பணியாளர் இருவர் உளர். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சார்ந்த திருமங்கலம் ஜேம்ஸ் டிரேசி 1887-88இல் பாண்டியர் காசுகளைப்பற்றிக் கட்டுரை வரைந்தார். லோவெந்தால் ஐயர் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப்பற்றி நூல் வெளியிட்டார். சின்னமும் எழுத்துமே இத்தகைய ஆய்வுக்குத் துணைநின்றன. எழுத்தே இல்லாத வெள்ளி முத்திரைக் காசுகளை ஆராய்வது எங்ஙனம்?

இதற்கு விடை கண்டவர் கணித அறிஞர் டி. டி. கோசாம்பி. 1924இல் தட்சசீலத்தின் பீர் மேட்டில் கிடைத்த புதையற் காசுகளின் எடைகளை அவர் ஆராய்ந்தார். கைமாறுந்தோறும் காசு சிறிது தேய்கிறது. பின்புறக் குறிகள் பெருகப் பெருகச் சராசரி எடை குறைகிறது என்று அவர் கண்டார். எனவே, எக்காசு முந்தியது, எது பிந்தியது என்பதை எடையே உரைக்கும். ஆபிரகாம் மக்பேலா நிலத்திற்கு நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்ததாக ஆதியாகமம் 23ஆம் அதிகாரம் கூறுவதை ஈண்டு நினைவுகூரலாம். பண்டை உலகில் வெள்ளியின் மதிப்பு அதன் எடையே.

போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளையும் கோசாம்பி ஆராய்ந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்காசுகளின் பின்புறத்தில் மீனை ஒத்த குறி காணப்படுகிறது. ஆதலின் அறிஞர் அவற்றைப் பாண்டியரோடு இணைத்துக் கூறுவர். ஒரே ஒரு காசு கிடைத்திருப்பின் அக்குறி தற்செயலானது எனத் தள்ளப்பட்டிருக்கக்கூடும்.

இங்கேதான் நமது பொறுப்பு எழுகிறது. வார்க்கும்போதே காசுகளின் எடை சற்று வேறுபடுமாதலால், தனிக்காசின் தேய்வு எதனையும் மெய்ப்பிக்காது. தொகுதியின் சராசரியே பேசும். காமயகவுண்டன்பட்டியில் கிணறு வெட்டுவோர் கையில் காசுக்கலயம் ஒன்று அகப்படுவதாகக் கொள்வோம். நல்லவற்றைப் பொறுக்கி விற்று, தேய்ந்தவற்றை உருக்கிவிட்டால் அச்சராசரி அழிந்துபோகும். புளியிட்டுத் துலக்கினாலோ, அமிலத்தில் இட்டாலோ உலோகம் கரைந்து எடை பொய்யாகும். சேகரிப்போரும் அத்தகைய காசுக்கு விலையைக் குறைப்பர். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்.

பளபளக்கும் காசு தன் அரசனைமட்டும் காட்டும். தேய்ந்த காசோ பெயரறியாத எளிய மக்களின் கைகளைக் காட்டுகிறது. சந்தையில் விலைபோகாத அச்சாட்சியைக் காப்பது வரலாற்றை மதிப்போர் கடன்.