செயின்ட் ஜான்: விடுமுறைத் தீவின் பழைய பாதைகள்

கரீபியன் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட். ரிச்சர்ட்ஸ், வால்ஷ், லாரா... அதற்கு அடுத்தபடியாக ஜாக் ஸ்பாரோ! ஆனால் அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கரீபியன் என்றால் விடுமுறை. வெள்ளை மணல், நீலக் கடல், தென்னை மர நிழலில் ஒரு நாற்காலி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பா அம்மாவுக்கு அந்த நாற்காலி ஒரு வாரத்துக்குப் போதும். பதினைந்து வயதுப் பையனுக்கு ஒன்றரை நாள்தான் தாங்கும். அதன் பிறகு "போர் அடிக்குது" என்ற பாட்டு ஆரம்பித்துவிடும். எனவே மலையேற்றம், ஸ்நார்கெலிங், துடுப்புப் படகு என்று உடம்புக்கு வேலை கொடுக்கும் இடமாகத் தேடுகிறார்கள். அப்படித் தேடுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் ஜான்.

சின்னஞ்சிறு தீவு. சுமார் 20 சதுர மைல். விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான செயின்ட் தாமஸில் இறங்கி, ரெட் ஹுக் துறையில் படகு பிடித்தால் இருபது நிமிடத்தில் குரூஸ் பே. தீவில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. பூங்காவுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட நடைபாதைகள். (அமெரிக்க மண் என்பதால் நம்மவர்கள் போக அமெரிக்க விசா வேண்டும். ஆனால் வண்டி ஓட்டுவது நம் ஊர் போலவே சாலையின் இடது பக்கம்!)

பயணத் திட்டம் போடுபவர்கள் இந்த நடைபாதைகளின் தூரம், ஏற்றம், எத்தனை பாட்டில் தண்ணீர் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பாதைகளை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அவற்றில் பல, உல்லாசப் பயணிகளுக்காகப் போட்டவை அல்ல. கரும்பையும் சர்க்கரைப் பீப்பாய்களையும் கொண்டு போகவும், தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் போகவும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் போட்ட பாதைகள். சுற்றியிருக்கும் அடர்ந்த காடும் ஆதிகாலக் காடு அல்ல. கரும்புக் கொல்லைகள் கைவிடப்பட்ட பிறகு மறுபடி முளைத்த காடு அது.

டேனிஷ்காரர்கள் வந்த கதை

நம்மில் பலருக்கு டென்மார்க் என்றால் தரங்கம்பாடி. 1620ல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிய அதே டென்மார்க் அரசுதான் மேற்கே கரீபியனிலும் இடம் பிடித்தது. கம்பெனிகள் வேறு வேறு, கொடி ஒன்று. 1672ல் செயின்ட் தாமஸ், 1718ல் செயின்ட் ஜான். இந்தியாவிலிருந்து டேனிஷ் கப்பல்கள் கொண்டுபோன பருத்தித் துணிகள் கோபன்ஹேகன் வழியாக ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்கு (இன்றைய கானா) போயின. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பொருள்களில் அந்தத் துணியும் ஒன்று. கோரமண்டல் தறிக்கும் கரீபியன் கரும்புக்கும் இப்படி ஒரு தொடர்பு இருந்திருக்கிறது.

டேனிஷ்காரர்கள் வந்து 15 ஆண்டுகளுக்குள் செயின்ட் ஜானில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்துவிட்டன. கரும்பும் பருத்தியும். செங்குத்தான சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் சமப்படுத்தினார்கள். 1733ல் தீவில் அடிமைகள் ஆயிரத்துக்கும் மேல். வெள்ளையர்கள் சுமார் 200 பேர். அவர்களிலும் பலர் பக்கத்துத் தீவில் இருந்துகொண்டு மேற்பார்வையாளர்களை வைத்துத் தோட்டம் நடத்தியவர்கள்.

அந்த வருடம் எல்லாமே கெட்டுப்போயிற்று. வறட்சி, பிறகு புயல். அடிமைகள் தங்கள் உணவைத் தாங்களே பயிர் செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பயிர் போனால் பட்டினி. பட்டினியால் காட்டுக்குள் ஓடியவர்களை அடக்க, செப்டம்பரில் ஆளுநர் ஃபிலிப் கார்டெலின் ஒரு சட்டம் போட்டார். ஓடிப்போகிறவனின் காலை வெட்டலாம். எசமான் மனம் இரங்கினால் காது மட்டும் போகும், கூடவே 150 கசையடி. மனம் இரங்கினால் இவ்வளவு!

1733 நவம்பர் 23. கோரல் பேயில் குன்றின் மேல் இருந்த கோட்டைக்கு வழக்கம்போல விறகுக் கட்டுகள் வந்தன. விறகுக்குள் கத்திகள். காவலிருந்த வீரர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்து ஒருவன் மட்டும் தப்பினான். பீரங்கி வெடித்தது. தீவு முழுக்கக் காத்திருந்தவர்களுக்கு அதுதான் அடையாளம்.

கலகத்தை முன்னின்று நடத்தியவர்கள் அக்வாமு இனத்தவர். 1730ல் தங்கக் கடற்கரையில் அவர்களுடைய அரசு வீழ்ந்தபோது சிறைப்பட்டு விற்கப்பட்டவர்கள். அவர்களில் சிலர் தங்கள் நாட்டில் அதிகாரத்தில் இருந்தவர்கள். பிரெஃபு என்ற பெண்ணும் தலைவர்களில் ஒருவர். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவைக் கைப்பற்றி, தோட்டங்களைத் தாங்களே நடத்தி, வேறு ஆப்பிரிக்க இனத்தவரை வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் அவர்களுடைய திட்டம் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அடிமைகள் எல்லோரும் கலகத்தில் சேராததற்கு இதுவும் ஒரு காரணம். சினிமாவில் வரும் விடுதலைப் போர் போல ஒரே நேர்கோட்டில் போகவில்லை கதை. ஆனாலும் ஏறத்தாழ ஆறு மாதம் ஒரு ஐரோப்பியக் குடியேற்றத்தை அடிமைகள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்பது அமெரிக்கக் கண்டத்தின் வரலாற்றில் சாதாரண விஷயம் அல்ல. ஹெய்ட்டியின் புரட்சி தொடங்க அப்போது இன்னும் 58 வருடம் இருந்தது.

வெள்ளையர்கள் தப்பி ஓடிக் கூடிய இடம் தீவின் மேற்கில், கனீல் பேயில் இருந்த டுர்லோ என்பவரின் தோட்டம். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டேனிஷ்காரர்களாலும் முடியவில்லை, ஆங்கிலேயர் உதவியும் பலிக்கவில்லை. 1734 ஏப்ரலில் மார்ட்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படை வந்த பிறகுதான் கலகம் முறிந்தது. பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று பலர் உயிரை விட்டார்கள். ஆகஸ்டில், கடைசியாக எஞ்சியிருந்த சிறு குழுவையும் மன்னிப்பு தருவதாகச் சொல்லி வரவழைத்து முடித்தார்கள். பாறை முனையிலிருந்து கலகக்காரர்கள் கடலில் குதித்த கதை இன்றும் தீவில் சொல்லப்படுகிறது. அது தெற்கே இருக்கும் ராம் ஹெட் என்பார் சிலர், வடக்கே மேரி பாயின்ட் என்பார் சிலர். ராம் ஹெட் இன்று விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க ஏறிப்போகும் பிரபலமான பாதை.

கடல் தாண்டினால் விடுதலை

கலகம் முடிந்ததும் கரும்பு திரும்பி வந்தது. தீவின் வடகரையில் இருக்கும் அன்னபர்க் ஆலையின் இடிபாடுகள் அந்தக் காலத்தவை. குழந்தைகளைக் கூட்டிப்போக இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. காற்றாலைக் கோபுரத்தின் சுவரை உற்றுப் பார்த்தால் கருங்கல்லுக்கு நடுவே மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும் பவளப் பாறைத் துண்டுகள் தெரியும். கப்பலில் வந்த மஞ்சள் நிற டேனிஷ் செங்கற்களும் அங்கங்கே இருக்கும். கடலிலிருந்து பவளத்தை வெட்டித் தூக்கி வந்தவர்கள் யார் என்று கேட்டால் பதினாலு வயதுப் பெண் தானே பதில் சொல்லிவிடுவாள்.

அங்கிருந்து கரையோரமாக லெய்ன்ஸ்டர் பே பாதையில் நடந்தால் வாட்டர்லெமன் என்ற குட்டித் தீவு எதிரே தெரியும். ஸ்நார்கெலிங் பிரியர்களுக்குச் சொர்க்கம். நட்சத்திர மீன், ஆமை எல்லாம் உண்டு. (நீரோட்டம் பலமாக இருக்கும் நாட்களும் உண்டு, நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் போவது நல்லது.) தலையைத் தூக்கிப் பார்த்தால் சில மைல் தூரத்தில் இன்னொரு தீவு. அது டோர்ட்டோலா, பிரிட்டிஷ் பகுதி. 1834ல் பிரிட்டிஷ் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. டேனிஷ் தீவுகளில் 1848 ஜூலை 3 வரை ஒழியவில்லை. நடுவே 14 வருடம்! இந்தக் கரையில் நிற்பவன் அடிமை, கண்ணுக்கு எட்டும் அந்தக் கரையில் நிற்பவன் அடிமை இல்லை. இரவில் படகு திருடியும், கிடைத்ததைக் கட்டி மிதந்தும் மக்கள் தப்பினார்கள். 1840ல் அன்னபர்க், லெய்ன்ஸ்டர் பே தோட்டங்களிலிருந்து ஒரு சிறு கூட்டம் இப்படித்தான் போயிற்று. இந்தப் பகுதியின் குன்றில் ஒரு காவல் கட்டிடத்தின் இடிபாடு இன்றும் இருக்கிறது. அதே தண்ணீரில்தான் இன்று விடுமுறைக் குடும்பங்கள் நீந்துகின்றன.

காலியான தீவும் கோடீஸ்வரரும்

விடுதலைக்குப் பிறகு கரும்பு கட்டுப்படியாகவில்லை. தோட்டக்காரர்கள் கைவிட்டுப் போனார்கள். தங்கிய மக்கள் சிறு நிலம் வாங்கி மாடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள், கரி சுட்டார்கள், கூடை முடைந்தார்கள், பே மரத்தின் இலையிலிருந்து வாசனை எண்ணெய் எடுத்தார்கள். 19ம் நூற்றாண்டின் முற்பாதியில் சுமார் 2,500 ஆக இருந்த மக்கள்தொகை 1950ல் எண்ணூறுக்கும் குறைந்தது. இடையில் 1917ல் டென்மார்க் இந்தத் தீவுகளை 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டது. விற்பனைக்கு முன் டென்மார்க்கில் வாக்கெடுப்பு நடந்தது. தீவு மக்களுக்கு அதில் ஓட்டு இல்லை.

1952ல் பாய்மரக் கப்பலில் வந்தார் லாரன்ஸ் ராக்ஃபெல்லர், எண்ணெய் அதிபர் குடும்பத்துப் பேரன். ஆள் அரவம் இல்லாத கடற்கரைகள் அவரை மயக்கின. நிலம் வாங்க ஆரம்பித்தார். 5,000 ஏக்கருக்கு மேல் அரசுக்குக் கொடுத்தார். 1956 டிசம்பர் 1ல் வெர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. அவர் தனக்கென வைத்து நடத்திய சொகுசு விடுதி கனீல் பேயில் இருந்தது. ஆமாம், 1733ல் தோட்டக்காரர்கள் ஒளிந்த அதே இடம்!

இது நல்ல காரியமா? காட்டையும் கடற்கரையையும் பார்த்தால் நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். பூங்கா இல்லையென்றால் அந்தக் கரைகளில் இன்று அடுக்குமாடி ஹோட்டல்கள் நிற்கும். ஆனால் 1962ல் மிச்ச நிலத்தையும் கட்டாயமாகக் கையகப்படுத்த வழி செய்யும் மசோதா அமெரிக்கக் காங்கிரசுக்கு வந்தபோது தீவு மக்கள் கொதித்தெழுந்தார்கள். தாத்தா காலத்தில் அடிமையாக உழுத நிலத்தை விடுதலைக்குப் பின் காசு சேர்த்து வாங்கியவர்கள் அவர்கள். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. கடலடிப் பகுதி மட்டும் பூங்காவோடு சேர்ந்தது. பிறகு நடந்ததைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. பூங்காவுக்கு வெளியே இருக்கும் கொஞ்ச நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. வரி கட்ட முடியாமலும், பிள்ளைகளுக்கு வீடு கட்ட மனை வாங்க முடியாமலும் பழைய குடும்பங்கள் பல வெளியேறின. பயணிகள் ரசிக்கும் அந்த "அமைதி" இப்படி வந்தது.

2017 செப்டம்பரில் இர்மா புயல் கனீல் பே விடுதியைச் சிதைத்தது. ராக்ஃபெல்லரின் பழைய ஒப்பந்தப்படி விடுதிக்குத் தரப்பட்ட உரிமை 2023ல் முடிந்து, இடம் பூங்காவின் கைக்கு வந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, செலவு அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். பவளத்தைக் கெடுக்கும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீன் 2020 முதல் இங்கே தடை. கரையோரம் மஞ்சினீல் என்ற மரத்தில் சின்ன பச்சை ஆப்பிள் போலப் பழம் இருக்கும். தொடக்கூடாது, கடும் விஷம். மழை பெய்தால் அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

முதல் நாளே ட்ரங்க் பே போவது நல்லது. கடலுக்கு அடியில் பலகைகள் வைத்து விளக்கும் 225 கஜப் பாதை இருக்கிறது. புதிதாக ஸ்நார்கெலிங் கற்பவர்களுக்கு ஏற்றது. அடுத்து அன்னபர்கும் வாட்டர்லெமனும். ஒரு நாள் கோரல் பேக்கு. அங்கே கோட்டை இருந்த குன்று தனியார் நிலம், நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. நவம்பரில் தீவு மக்கள் அங்கே நினைவு நடை போகிறார்கள். அருகில் ஹரிக்கேன் ஹோல் என்ற குடாவில் துடுப்புப் படகு ஓட்டலாம். அலையாத்தி மரங்களின் வேர்களிலேயே பவளம் வளர்ந்திருக்கும் அதிசயம் அங்கே உண்டு.

கால்கள் பழகிய பிறகு ரீஃப் பே. நடுமலைச் சாலையிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இறங்கினால் கடற்கரையில் ஒரு நீராவிச் சர்க்கரை ஆலையின் இடிபாடு. இயந்திரத்தின் இரும்புச் சக்கரங்கள் இன்னும் நிற்கின்றன. போகும் வழியில் பிரியும் கிளைப்பாதையில் ஒரு சிறு குளம். குளத்தை ஒட்டிய பாறையில் முகங்களும் சுருள்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. டேனிஷ்காரர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் வெகுகாலம் முன்பு இங்கே வாழ்ந்த டைனோ மக்கள் செதுக்கியவை. தண்ணீர் நிறைந்திருக்கும் நாட்களில் அந்த முகங்களின் நிழல் குளத்தில் தலைகீழாகத் தெரியும். திரும்பி வரும் வழி முழுக்க ஏற்றம், சுமார் 900 அடி. காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும்.